டென்மார்க் விடுதியும் வணிகக் கட்டடப் பெயர்களின் பொருள்மாற்றமும்

கோயில்களுக்குக் கல்வெட்டு உண்டு. அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. வணிகம் நடந்த கட்டடங்களுக்கோ பெரும்பாலும் இவை இரண்டும் இல்லை. சரக்கு வைத்த இடமும், கணக்கு எழுதிய இடமும், வழிப்போக்கர் உண்டு உறங்கிய இடமும் தம்மைப் பற்றி எதையும் பொறித்து வைப்பதில்லை. அவற்றின் வரலாறு பெயர்களில்தான் எஞ்சி நிற்கிறது. செய்தித்தாள் விளம்பரத்தில் ஒரு சொல், நிலப்பத்திரத்தில் ஒரு சொல், படித்துறைப் பெயரில் ஒரு சொல் என அது சிதறிக் கிடக்கும். இச்சொற்களின் பொருள் காலத்தால் மாறிவிடும்போது கட்டடம் நின்றிருந்தாலும் அதன் வரலாறு படிக்க இயலாததாகிவிடுகிறது. மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள செராம்பூரில் 1786ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டென்மார்க் டாவர்ன் என்னும் கட்டடம் இதற்குத் தக்க சான்றாகும்.

செராம்பூர் தமிழ் ஆய்வாளர்க்கு அயலூர் அன்று. தரங்கம்பாடியும் செராம்பூரும் ஒரே டேனியக் கொடியின்கீழ் இருந்தவை. வங்காளத்திலிருந்த டேனியக் குடியிருப்பு தரங்கம்பாடியிலிருந்தே ஆளப்பட்டது. 1845ஆம் ஆண்டு இவ்விரு ஊர்களும் ஒரே உடன்படிக்கையால், பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விற்கப்பட்டன. தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் இறையியல் பட்டத்தோடு சேர்த்து வழங்கும் பெயராகவும் செராம்பூர் நிலைத்துள்ளது. ஆயினும் இவ்வூரின் வணிகக் கட்டடங்களைக் குறித்துத் தமிழில் எழுத முற்படுவோர் முதல் வரியிலேயே ஒரு சொல்லில் இடறுகின்றனர்.

அச்சொல் ஃபாக்டரி என்பது. 1755ஆம் ஆண்டு வங்காள நவாபு அலிவர்தி கானின் இசைவைப் பெற்ற டேனிய ஆசியக் கும்பினியார் ஸ்ரீபூரில் ஆற்றங்கரையை ஒட்டி மூன்று பிகா நிலமும், அக்னா என்னும் இடத்தில் ஐம்பத்தேழு பிகா நிலமும் பெற்று ஃபாக்டரி ஒன்று அமைத்தனர் என ஆங்கில நூல்கள் கூறும். இதனைத் 'தொழிற்சாலை அமைத்தனர்' என்று பெயர்ப்பது பாடநூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் காணப்படுவதுண்டு. டேனியர் அங்கு எதையும் உற்பத்தி செய்யவில்லை. ஃபாக்டர் என்பது முதலாளியின் பொருட்டு வாங்கி விற்கும் முகவரைக் குறித்த சொல். அவர் தங்கிச் சரக்கைத் திரட்டிக் கப்பலேற்றும் இடமே ஃபாக்டரி. போர்ச்சுக்கீசியரின் ஃபெய்த்தோரியா என்னும் சொல்லும் இப்பொருளதே. டேனியரும் பிரெஞ்சுக்காரரும் இத்தகைய சிறு வணிக இருப்பிடங்களை லோழ் என வழங்கினர். இது ஆங்கில லாட்ஜ் என்னும் சொல்லின் உறவுச் சொல். ஒரு வகையில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களின் எதிரே காணப்படும் லாட்ஜுகள் பழைய வணிக நிலையங்களின் தாயாதிகள் எனலாம்.

வங்காள மொழி இவ்விடத்தில் தெளிவாக இருக்கிறது. வணிகர் இருப்பிடம் அம்மொழியில் குடி (குட்டி என ஒலிப்பாரும் உளர்). இது கோஷ்டம் என்னும் வடசொல்லின் வழி வந்தது. பொறிகள் ஓடும் ஆலையைக் குறிப்பது கல் என்னும் வேறொரு சொல். சணல் ஆலை சட்கல் எனப்படும். இவ்வேறுபாட்டின் பயனைச் செராம்பூர் வட்டாரமே காட்டுகிறது. 1755இல் டேனிய ஃபாக்டரி இவ்வாற்றங்கரையில் தோன்றியது. சரியாக நூறாண்டு கழித்து, 1855இல், அடுத்துள்ள ரிஷ்ராவில் இந்தியாவின் முதற் சணல் ஆலை நிறுவப்பட்டது. ஆங்கிலத்தில் முன்னதும் ஃபாக்டரி, பின்னதும் ஃபாக்டரி. தமிழில் இரண்டையும் தொழிற்சாலை என்றெழுதினால் வணிக மூலதனம் ஆலை மூலதனமாக மாறிய ஒரு நூற்றாண்டு வரலாறு அச்சொல்லுக்குள் புதைந்துபோகும்.

தமிழிலும் இவ்வேறுபாட்டுக்கு வேண்டிய சொற்கள் உள. பொருள் செய்யும் இடம் பட்டறை. தரங்கம்பாடி அச்சகத்திற்குத் தாள் செய்யப் பொறையாறில் அமைந்த இடம் கடுதாசிப் பட்டறை என்றே பெயர் பெற்றது. பொருள் வைக்கும் இடம் பண்டகசாலை அல்லது கிடங்கு. கிடங்கு என்பது 'கிட' என்னும் வினையடியிலிருந்து வந்தது, தெலுங்கில் கிட்டங்கி. ஆங்கிலேயரின் கோடௌன் என்னும் சொல் மலாய் மொழியின் வழியாக இத்திராவிடச் சொல்லுக்கே சென்று சேரும் என்பது யூல், பர்னல் ஆகியோரின் ஹாப்சன்-ஜாப்சன் அகராதி (1886) எடுத்துக்காட்டும் கருத்து. அவ்வாறிருக்க, 'குடோன்' என்று மீண்டும் கடன் வாங்கியது தமிழின் விந்தைகளுள் ஒன்று. ஃபாக்டரியைப் பண்டகசாலை என்பதும் முற்றும் பொருந்தாது. சரக்கோடு முகவர், எழுத்தர், காவலர் ஆகியோரும் அங்கு வாழ்ந்தனர். 'வணிக நிலையம்' என்பது வறண்ட சொல்லாயினும் பிழையற்றது.

இவ்வணிக நிலையத்தின் வளம் போரினால் வந்தது. அமெரிக்க விடுதலைப் போரையொட்டி 1778இல் பிரான்சும் 1780இல் நெதர்லாந்தும் பிரித்தானியாவோடு பகை கொண்டன. டென்மார்க் நடுநிலை காத்தது. நடுநிலைக் கொடி பறக்கும் கப்பலில் சரக்குப் பாதுகாப்பாகச் சென்றது. கல்கத்தாவிலிருந்த ஆங்கிலக் கும்பினி ஊழியர் தாம் தனிப்பட்ட முறையில் ஈட்டிய செல்வத்தை ஐரோப்பாவுக்கு அனுப்ப டேனியக் கப்பல்களையே நாடினர். கடன் கொடுத்தவரிடமிருந்து தப்பிய கல்கத்தாவாசிகளுக்கும் இவ்வூர் புகலிடமாயிற்று. செராம்பூருக்கு எதிர்க்கரையில் பாரக்பூர்ப் படைவீடு. ஆற்றின் வழியே மேலும் கீழும் செல்வோர் பஜ்ரா என்னும் வீட்டுப்படகுகளில் சென்றனர். கல்கத்தாவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்த இவ்வூர் அவர்கள் இறங்கி இளைப்பாற ஏற்ற இடம்.

விளம்பரமும் அதன் சொற்களும்

1786ஆம் ஆண்டு மார்ச் மாதம் கல்கத்தா கெஜட் இதழில் ஜேம்ஸ் பார் என்பவர் விளம்பரம் ஒன்று வெளியிட்டார். (இவர் பெயர் தமிழில் மதுக்கூடத்தைக் குறிக்கும் இன்றைய சொல்லோடு ஒத்தொலிப்பது தற்செயலே.) கல்கத்தாவில் லண்டன் டாவர்ன் என்னும் விடுதியை முன்னர் நடத்தியவர் இவர். செராம்பூரில் கொடிமரத்தின் அருகே ஒரு மாடிவீட்டை எடுத்து, அதற்கு 'டென்மார்க் டாவர்ன் அண்டு ஹோட்டல்' எனப் பெயரிட்டிருப்பதாக அவர் அறிவித்தார். ஆற்றில் போவார் வருவார்க்குக் காலை உணவு, பகலுணவு, இரவுணவு, படுக்கை ஆகியவை மிதமான விலைக்குக் கிடைக்கும். பில்லியர்ட்ஸ் மேசை உண்டு. செய்தித்தாள்கள் வைக்கப்பட்ட காப்பி அறை உண்டு. இதுவே விளம்பரத்தின் சாரம்.

பெயரே சிந்தனைக்குரியது. விடுதிக்கு டேனிய மொழியில் குரோ என்னும் சொந்தச் சொல் உண்டு, ஊரும் டேனியருடையது. ஆயினும் பெயர் ஆங்கிலத்தில் அமைந்தது. விளம்பரம் வெளிவந்ததும் ஆங்கில இதழில், கல்கத்தாவில். 'டென்மார்க்' என்பது வாடிக்கையாளரைக் குறிக்கவில்லை. இடத்தின் சட்டநிலையைக் குறித்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்கு வெளியே, ஆனால் ஆங்கிலேயர்க்காக என்பதே அப்பெயரின் பொருள்.

டாவர்ன் என்பது இலத்தீன் தபெர்னா என்பதன் வழிவந்தது. தபெர்னா முதலில் பலகைக் குடிலையும், பின்னர்க் கடையையும் குறித்தது. அதன் குறுமை வடிவமான தபெர்னாகுலும் கூடாரம் ஆயிற்று. விவிலியத் தமிழில் 'ஆசரிப்புக் கூடாரம்' என வழங்கும் தொடரின் ஆங்கில இணை இதிலிருந்து பிறந்ததே. கள் விற்கும் இடமும் கடவுள் உறையும் இடமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தன என்பது சொற்பிறப்பியலின் பாகுபாடற்ற தன்மைக்கு எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் டாவர்ன் திராட்சை மதுவுக்கும், இன் உறைவிடத்திற்கும், ஏல்ஹவுஸ் வாற்கோதுமை மதுவுக்கும் உரியவையாக ஒருகாலத்தில் வேறுபட்டிருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்தபோது இச்சொல் உயர்ந்த தகுதி பெற்றிருந்தது. லால்பஜாரிலிருந்த ஹார்மோனிக் டாவர்னில் ஊர்ப் பெரியவர்களின் விருந்துகளும் நடன நிகழ்ச்சிகளும் நடந்தன. மாலுமிகள் குடித்த தாழ்ந்த இடத்திற்குப் பெயர் பஞ்ச் ஹவுஸ். ஆகவே டென்மார்க் டாவர்னை 'மதுக்கடை' என்றோ 'சாராயக்கடை' என்றோ பெயர்ப்பவர், 1786இன் சொல்லுக்குப் பிற்காலத்துப் பொருளைத் தருகிறார். அன்றைய வாசகர் காப்பியும் செய்தித்தாளும் நினைத்த இடத்தில் இன்றைய வாசகர் சாராயத்தை மட்டும் காண்பார்.

ஹோட்டல் என்பதன் நிலை இதற்கு நேர்மாறானது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்கு உறைவிடப் பொருளில் வந்த இச்சொல் அக்காலத்தில் புதுவரவு. பார் அதனை டாவர்ன் என்பதோடு இணைத்ததன் நோக்கம், உணவோடு படுக்கையும் உண்டு என்பதை உணர்த்துவதே ஆகலாம். தமிழிலோ ஓட்டல் என்பது உண்ணும் இடம்; படுக்க லாட்ஜுக்குப் போகவேண்டும். கிளப் என்னும் சொல்லும் இவ்வாறே 'காப்பி கிளப்' ஆகி இட்டலிக் கடையைக் குறிக்கலாயிற்று. ஆக, ஆங்கிலத்தில் டாவர்ன் உணவிலிருந்து குடியை நோக்கிச் சுருங்கியது. தமிழில் ஓட்டல் உறைவிடத்திலிருந்து உணவை நோக்கிச் சுருங்கியது. 'டாவர்ன் அண்டு ஹோட்டல்' என்பதை எழுத்துப்பெயர்ப்பாக விட்டால், தமிழ் வாசகர் 'குடிக்கும் இடமும் உண்ணும் இடமும்' என்றே கொள்வர். அக்கட்டடம் இருந்ததற்கான முதற்காரணமாகிய உறைவிடம் முற்றிலும் நழுவிவிடும். பிழையான பெயர்ப்பைக் காட்டிலும் எழுத்துப்பெயர்ப்பு பாதுகாப்பானது என்னும் பொதுவான நம்பிக்கை இங்குப் பொய்த்துப்போகிறது.

மாடிவீடு என்பதும் வெறும் வருணனை அன்று. அக்காலக் கல்கத்தா விளம்பரங்கள் வீடுகளை மேலறை கொண்டவை, கீழறை மட்டும் கொண்டவை என இரண்டாகப் பகுத்தே குறிப்பிட்டன. ஈரமும் காய்ச்சலும் மிகுந்த வங்காளத்தில் மேல்தளத்தில் உறங்குவது உடல்நலத்திற்கு உகந்ததென ஐரோப்பியர் கருதினர். எனவே மாடி என்பது விலையை உயர்த்தும் சொல். தமிழில் 'மெத்தை வீடு' என்னும் பழைய வழக்கு இம்மதிப்பையும் உடன் கொண்டுவரும். 'இரண்டடுக்குக் கட்டடம்' என்பது அளவை மட்டுமே தரும்.

கொடிமரமும் நிசான் படித்துறையும்

விளம்பரத்தில் முகவரி இல்லை. கொடிமரத்தின் அருகே என்பதே அடையாளம். டேனியக் கொடி பறந்த கம்பம் ஆற்றில் வரும் எவர்க்கும் தொலைவிலிருந்தே தெரியும். 1845க்குப் பின் அக்கொடி இறங்கிவிட்டது. ஊருக்கு டேனியர் வைத்த பெயரும் போயிற்று. தம் மன்னர் ஐந்தாம் பிரெடரிக்கின் பெயரோடு இந்தியச் சொல்லாகிய நகரைச் சேர்த்து அவர்கள் படைத்த பிரெடரிக்ஸ்நகோர் என்னும் கலப்புப் பெயர், இன்று ஆவணங்களில் மட்டுமே உள்ளது. சீதாராமர் கோயிலையொட்டி வந்ததென்பர் கூறும் ஸ்ரீராம்பூர் என்ற பெயரும், அதன் ஆங்கிலத் திரிபாகிய செராம்பூரும் நிலைத்தன.

ஆனால் டாவர்ன் கட்டடத்தை ஒட்டிய படித்துறையின் பெயர் நிசான் காட். நிசான் என்பது பாரசீகத்தில் அடையாளம், குறி என்னும் பொருள் தரும் சொல், வங்காளத்தில் கொடி. ஆங்கில விளம்பரத்தின் கொடிமரமும் வங்காளப் படித்துறையின் கொடியும் ஒன்றையே சுட்டுகின்றன. அரசு மாறியது, கொடி மாறியது, கட்டடத்தின் பெயர் மறந்தது. படகுக்காரரும் குளிக்க வந்தோரும் வழங்கிய படித்துறைப் பெயர் மட்டும் மாறவில்லை. இடப்பெயராய்வு கட்டட வரலாற்றுக்குத் துணை மட்டும் அன்று, சில வேளைகளில் முதற்சான்றும் ஆகும் என்பதற்கு இது போதும். மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இடப்பெயர்களை மொழிபெயர்த்தல் கூடாது என்பது விதி. அதனால் நிசான் காட் என்றே எழுதுவர். அவ்வாறு எழுதும்போது அடிக்குறிப்பிலேனும் பொருளைத் தாராவிடின், படிப்பவர்க்கு அது வெறும் ஒலி.

மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வூரில் வேறோர் உரிமையும் இருக்கிறது. டாவர்ன் திறந்த பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1799 அக்டோபரில், ஜோஷுவா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும் இவ்வூரில் கரையிறங்கினர். சமயப் பணியாளரைத் தம் எல்லைக்குள் ஏற்க ஆங்கிலக் கும்பினி மறுத்த காலம் அது. டேனிய ஆளுநர் ஓலே பீ அவர்களுக்குப் பாதுகாப்பளித்தார். 1800 ஜனவரியில் வில்லியம் கேரியும் வந்து சேர்ந்தார். எந்தச் சட்டநிலை விடுதிக்கு 'டென்மார்க்' என்னும் பெயரைத் தந்ததோ அதே சட்டநிலைதான் அச்சகத்திற்கும் இடம் தந்தது. பஞ்சானன் கர்மகார் வெட்டிய அச்செழுத்துகளில் 1801இல் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. 1818இல் சமாச்சார் தர்ப்பண் என்னும் வங்காள வார இதழ் வெளிவந்தது. 1812 மார்ச் 11 அன்று நேர்ந்த தீயில் அச்சகம் எரிந்து, கேரியின் பன்மொழி அகராதிக் கையெழுத்துப் படி அழிந்தது. அவ்வகராதி மீண்டும் எழுதப்படவே இல்லை. அச்சகத்தின் புகழால் செராம்பூர் என்றதும் மொழியியலார் விவிலியத்தை நினைப்பர்; ஊரின் வணிகக் கட்டடங்கள் அந்நிழலில் மறைந்துபோயின.

சிதைவும் மீட்பும்

டேனிய வணிகம் 1808இல் முறிந்தது. நெப்போலியப் போர்களில் டென்மார்க்கின் நடுநிலை குலைய, ஆங்கிலேயர் செராம்பூரைக் கைப்பற்றி 1815 வரை வைத்திருந்தனர். மீண்டும் டேனியர் கைக்கு வந்தபின் பழைய கப்பல் வணிகம் தழைக்கவில்லை. 1845இல் ஊர் விற்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளில் மற்றொன்றும் நேர்ந்தது: 1854இல் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது, செராம்பூர் அதன் நிறுத்தங்களுள் ஒன்று. ஆற்றில் போவார் வருவார்க்கென்றே விளம்பரம் செய்த இடத்திற்கு, ஆற்றில் போவாரும் வருவாரும் இல்லாதொழிந்தனர். ஊரின் முகம் ஆற்றிலிருந்து நிலையத்திற்குத் திரும்பிற்று. கரையோரக் கட்டடங்கள் ஊரின் முதுகுப்புறத்தில் விடப்பட்டன. டாவர்னும் தன் தொழிலை இழந்து, நாளடைவில் கைவிடப்பட்டு, கூரை இடிந்து, சுவர்களில் மரங்கள் வேரோடிய நிலையை எய்தியது.

2008இல் டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் செராம்பூரின் டேனியக் காலக் கட்டடங்களைக் குறித்த திட்டமொன்றைத் தொடங்கிற்று. மேற்கு வங்காள மரபுரிமை ஆணையமும் இன்டாக் அமைப்பும் இதில் பங்கேற்றன. புனித ஓலாவ் தேவாலயத்தின் மீட்புப்பணி 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருதைப் பெற்றது. டாவர்ன் கட்டடம் டென்மார்க்கின் ரியால்டானியா அமைப்பின் பொருளுதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2018இல் உணவகமும் சில தங்கும் அறைகளும் கொண்டதாகத் திறக்கப்பட்டது. தேவாலயத்தைத் தேவாலயமாக மீட்பதில் சொற்சிக்கல் இல்லை. வணிகக் கட்டடத்தை எதுவாக மீட்பது என்னும் வினாவுக்கு, அதன் பெயர் ஒருகாலத்தில் எதைக் குறித்தது என்னும் விடை முதலில் தேவைப்பட்டது. 1786இன் விளம்பரம் கூறிய உணவையும் படுக்கையையும் மீண்டும் அங்கு வைத்தது பொருத்தமான முடிவே. அருங்காட்சியகமாக்கியிருப்பின் சுவர்கள் பிழைத்திருக்கும். சொல் செத்தே இருந்திருக்கும்.

தமிழில் இக்கட்டடத்தை எவ்வாறு குறிப்பது? சத்திரம் என்றால் வழிப்போக்கர்க்கு அறமாக உணவிடும் இடம் என்னும் பொருள் உடன்வரும். பாரின் நோக்கம் அறமன்று, ஆதாயம். சாவடி என்பது கூரையிட்ட பொதுவிடம். மேலும், ஆங்கிலேயர் இதனைச் சோல்ட்ரி ஆக்கிச் சத்திரத்திற்கும் சாவடிக்கும் ஒருங்கே வழங்கி, சென்னையில் நீதிமன்றமொன்றுக்கும் பெயராக்கிக் குழப்பிவிட்டனர். மதுவிடுதி என்பதன் குறை மேலே கூறப்பட்டது. விடுதி என்னும் தனிச்சொல் தங்குதலை முதன்மையாகவும் உணவை உடனிகழ்வாகவும் உணர்த்துவதால், 'டென்மார்க் விடுதி' என்பதே ஏற்புடைத்து. முதன்முறை வருமிடத்தில் 'உணவும் மதுவும் படுக்கையும் விலைக்குக் கிடைத்த ஆற்றங்கரை விடுதி' என ஒரு விளக்கத் தொடரும், டாவர்ன் என்னும் மூலச்சொல்லும் தருதல் வேண்டும்.

விடுதி என்னும் சொல்லும் நிலையாக நிற்கவில்லை என்பதையும் மறுக்க இயலாது. பள்ளி, கல்லூரிகளையொட்டி அது மாணவர் இல்லத்தையே குறிக்கத் தலைப்பட்டுவிட்டது. இன்னும் ஐம்பதாண்டில் 'டென்மார்க் விடுதி' என்பதைப் படிக்கும் ஒருவர் டேனிய மாணவர் தங்கிய இடம் என எண்ணக்கூடும். அவருக்கு அந்த விளக்கத் தொடர் தேவைப்படும்.